ரெய்ஸ் இறங்க மாட்டேங்குதா? கிளட்ச்சைக் கழற்றுமுன் கொஞ்சம் யோசிப்போம்!

(மூன்றாமாண்டு மாணவன், ஆட்டோமொபைல் பிரிவு)



ஆண்டு மலர் என்றாலே கவிதை, கடி ஜோக்ஸ், 'வாழ்க்கையில் முன்னேற பத்து வழிகள்' என்றுதான் நம்மவர்கள் எழுதித் தள்ளுவது வழக்கம். அதற்கு நடுவே கொஞ்சம் கிரீஸ் வாசனையும் அடிக்கட்டுமே என்றுதான் இந்தக் கட்டுரையை மலர்க் குழுவிடம் கொடுத்தேன். இது ஆட்டோமொபைல்காரன் சமாச்சாரம் என்று சிவில், எலக்ட்ரானிக்ஸ் நண்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். எலக்ட்ரானிக்ஸ்காரர்கள் செய்து வைத்த வேலைக்கு மெக்கானிக்குகள் எப்படித் திட்டு வாங்குகிறார்கள் என்பதும் இதில் வருகிறது!

விஷயம் இதுதான். சமீப வருஷங்களில் வந்த பெட்ரோல் கார் ஒன்றை, கையால் கியர் போட்டு ஓட்டுகிற காரை, எடுத்துக்கொள்ளுங்கள். முதல் கியரில் 3000 சுற்று வரை போய்விட்டு, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, கிளட்ச்சை மிதித்து, இரண்டாவது கியருக்கு மாற்றுங்கள். ஆர்.பி.எம். முள் பொத்தென்று விழும் என்றுதானே எதிர்பார்ப்போம்? விழாது. ஒரு கணம் அங்கேயே நின்று யோசிக்கும். சில வண்டிகளில் ஒரு நூறு சுற்று மேலே ஏறிவிட்டு அப்புறம்தான் மெள்ள இறங்கும். அவசரப்பட்டுக் கிளட்ச்சை விட்டால் பின்னாலிருந்து யாரோ பிடித்துத் தள்ளியது போல வண்டி ஒரு உந்து உந்தும். பக்கத்து ஸீட்டில் இருப்பவர் நம்மைத் திரும்பிப் பார்ப்பார்.

'ரெய்ஸ் இறங்க மாட்டேங்குது' என்று ஓட்டுநர்கள் சொல்வது இதைத்தான். இதைப் பற்றி எனக்கு மூன்று கருத்துகள் உண்டு. ஒன்று, பெரும்பாலும் இது கோளாறு கிடையாது. தெரிந்தே செய்து வைத்த ஏற்பாடு. இரண்டு, அதை வண்டி வாங்குகிறவரிடம் வாய் திறந்து சொல்லாமல் இருப்பது தப்பு. மூன்று, அதைச் சொல்ல வேண்டிய ஆள் நாளைக்கு சர்வீஸ் கவுண்டரில் நிற்கப்போகிற டிப்ளமோக்காரன், அதாவது நாம்.

எட்டாயிரத்துச் சொச்சம் ரூபாய்

விடுமுறையில் இன்-பிளாண்ட் டிரெய்னிங் போன இடத்தில் ஒன்று பார்த்தேன். இடத்தின் பெயர் வேண்டாம். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் தன் சின்னக் காரைக் கொண்டுவந்தார். வாங்கி இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. "தம்பி, கியர் மாத்தும்போது இரையுது, அப்புறம் ஒரு உதறு உதறுது. பழைய வண்டியில இப்படி இல்லையேப்பா" என்றார். அட்வைசர் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, "கிளட்ச் போயிடுச்சு சார், செட்டா மாத்திடலாம்" என்று எழுதிக்கொண்டார். பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், லேபர் எல்லாம் சேர்த்து எட்டாயிரத்துச் சொச்சம்.

கியர்பாக்ஸை இறக்கினோம். பழைய பிளேட்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன். லைனிங் நன்றாகவே இருந்தது. ரிவெட் தலைக்கு மேலே இன்னும் தாராளமாகக் கனம் இருந்தது. புது செட் போட்டு வண்டியை அனுப்பினார்கள். மூன்றாம் நாள் வாத்தியார் திரும்பி வந்துவிட்டார். "தம்பி, அப்படியேதான் இருக்கு." இந்தத் தடவை கிடைத்த பதில்: "புது பிளேட் சார், செட்டாக டைம் எடுக்கும். ஓட்ட ஓட்டச் சரியாயிடும்."

சரியாகாது என்பதுதான் உண்மை. ஏனென்றால் அங்கே கெட்டுப்போனது என்று எதுவுமே இல்லை. அவருக்குக் கிடைத்திருக்க வேண்டியது ஐந்து நிமிஷ விளக்கம். கிடைத்தது ஒரு பில்.

இதில் சின்ன தர்க்கம் ஒன்று இருக்கிறது பாருங்கள். இதற்கு டிப்ளமோகூட வேண்டாம். ரெய்ஸ் இறங்காமல் நிற்பது கிளட்ச் பெடலை மிதித்திருக்கும்போது. மிதித்துவிட்டால் என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அந்த நேரத்தில் என்ஜின் வேகமாகச் சுற்றினால் அதற்குக் கிளட்ச் பிளேட் எப்படிப் பொறுப்பாகும்? தேய்ந்த கிளட்ச் நழுவுவது பெடலை முழுசாக விட்ட பிறகு, நான்காவது ஐந்தாவது கியரில், மேட்டில் இழுக்கும்போது. அங்கே ரெய்ஸ் ஏறும், வண்டி ஏறாது. ஒன்று மிதித்தபோது, இன்னொன்று விட்டபோது. இந்த வித்தியாசம் தெரிந்திருந்தால் அந்த வாத்தியாரின் பணம் அவர் பையிலேயே இருந்திருக்கும்.

முதலில் நம்ம கணக்கு

சரி, காலை எடுத்ததும் என்ஜின் ஏன் உடனே அடங்குவதில்லை? இதற்குப் பாதிப் பதில் நமக்கு ஏற்கெனவே தெரியும். ஃபிளைவீல் சோதனை செய்து ரெக்கார்டில் கையெழுத்து வாங்கியவர்கள்தானே நாம்! சுற்றுகிற சாமானுக்கு இனர்ஷியா உண்டு. கிராங்க் ஷாஃப்ட், ஃபிளைவீல், கிளட்ச் கவர் மூன்றும் ஒன்றாகச் சுற்றுகின்றன. அவற்றை நிறுத்தப் பார்ப்பது பிஸ்டன் ரிங்கின் உராய்வு, பேரிங், ஆயில் பம்ப், வாட்டர் பம்ப், ஆல்டர்னேட்டர், மூடிய த்ராட்டிலுக்கு எதிராகக் காற்றை உறிஞ்ச என்ஜின் படும் பாடு ஆகியவை. ஏசி ஓடினால் கம்ப்ரஸர் இழுப்பதும் சேரும்.

ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். சின்ன கார் ஒன்றின் சுற்றும் பாகங்களின் இனர்ஷியா 0.15 கிலோகிராம்-மீட்டர் ஸ்கொயர், எதிர்க்கும் டார்க் 20 நியூட்டன் மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். முதல் கியர் விகிதம் 3.5, இரண்டாவது 1.9. முதல் கியரில் 3000 சுற்றில் மாற்றினால், இரண்டாவது கியருக்கு என்ஜின் ஏறக்குறைய 1630 சுற்றுக்கு வந்தாக வேண்டும். குறைய வேண்டியது 1370 சுற்று, அதாவது விநாடிக்கு 143 ரேடியன். டார்க்கை இனர்ஷியாவால் வகுத்தால் ஒவ்வொரு விநாடியும் குறைவது 133 ரேடியன். ஆக, கிட்டத்தட்ட 1.1 விநாடி.

இப்போது த்ராட்டில் முழுசாக மூடாமல் கொஞ்சம் திறந்தே இருக்கிறது, உள்ளே எரிகிற பெட்ரோல் 10 நியூட்டன் மீட்டர் டார்க் கொடுத்துக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிர்ப்பில் மிச்சம் 10தான். அதே 1370 சுற்று குறைய 2.15 விநாடி ஆகும்! ஓட்டுகிறவர் கையோ அரை விநாடியில் கியரைப் போட்டு முடித்துவிடும். இந்த இரண்டு நேரங்களுக்கும் நடுவே இருக்கிற இடைவெளிதான் அந்த உந்தல்.

இங்கே சிங்க்ரோமெஷ்ஷை நம்பியும் பயனில்லை. 1928-ல் காடிலாக் காரில் வந்த அந்த அருமையான கண்டுபிடிப்பு, கியர்பாக்ஸுக்குள் இருப்பதைத்தான் சமன்படுத்தும். இன்புட் ஷாஃப்டையும் அதோடு தொங்குகிற கிளட்ச் பிளேட்டையும் அது பார்த்துக்கொள்ளும். அந்தப் பக்கம் சுற்றிக்கொண்டிருக்கிற என்ஜின் அதன் அதிகாரத்துக்கு உட்பட்டதல்ல. என்ஜினை இறக்குவது பெடலை விடும்போது ஏற்படும் உராய்வு மட்டும்தான்.

பழைய லாரி ஓட்டுநர்களுக்கு இது பாடப் புத்தகம் இல்லாமலே தெரியும். 'டபுள் கிளட்ச்' போட்டு ஓட்டிய காலத்தில் ஒரு கியரிலிருந்து நியூட்ரலுக்கு வந்து, கிளட்ச்சை விட்டு, என்ஜின் இரைச்சல் இறங்குவதைக் காதால் கேட்டு, மறுபடி மிதித்து அடுத்த கியர் போடுவார்கள். காதுதான் டாக்கோமீட்டர். ரெய்ஸ் இறங்கக் காத்திருப்பது ஒன்றும் புதுசு இல்லை, நண்பர்களே. நாம்தான் மறந்துவிட்டோம்.

மீதிப் பாதி: வேண்டுமென்றே செய்வது

இனர்ஷியா அந்தக் காலத்து வண்டியிலும் உண்டு. அப்படியானால் 'பழைய வண்டியில இப்படி இல்லையே' என்று வாத்தியார் சொன்னது பொய்யா? இல்லை. அவர் சொன்னது முழு உண்மை. இடையில் மாறியது த்ராட்டில்.

1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800-ன் ஆரம்ப வண்டிகளில் பெடலிலிருந்து கார்புரேட்டருக்கு ஒரு கேபிள் போகும். காலை எடுத்தால் ஸ்பிரிங் இழுத்துப் பட்டென்று மூடிவிடும். இன்றைய வண்டியில் கேபிள் கிடையாது. பெடலில் ஒரு சென்சார், த்ராட்டில் பாடியில் ஒரு மோட்டார், நடுவே ஈ.சி.யூ. எனப்படும் கம்ப்யூட்டர். நாம் காலை எடுப்பது இப்போது ஒரு விண்ணப்பம் மாதிரி. அதை எப்போது, எவ்வளவு நிறைவேற்றுவது என்று முடிவு செய்வது ஈ.சி.யூ.!

அது ஏன் தாமதிக்கிறது? முக்கியமான காரணம் புகை.

த்ராட்டில் சட்டென்று மூடினால் மேனிஃபோல்டில் வேக்குவம் எகிறும். இன்டேக் சுவரில் ஒட்டியிருக்கும் பெட்ரோல் ஈரம் அந்த வேக்குவத்தில் ஆவியாகி உள்ளே பாயும். காற்று கொஞ்சம், பழைய எரிந்த வாயு நிறைய, பெட்ரோல் அதிகம். இந்தக் கலவை ஒழுங்காக எரியாது. எரியாத ஹைட்ரோகார்பனாகப் புகைக்குழாய் வழியே வெளியேறும். இதற்காகக் கார்புரேட்டர் காலத்திலேயே சில வண்டிகளில் 'டேஷ்பாட்' என்று ஒன்று வைத்தார்கள். சின்ன டயஃப்ரம், ஒரு நுண்துளை. த்ராட்டில் மூடும்போது கடைசிக் கொஞ்ச தூரத்தை அது மெதுவாக மூடவைக்கும். கதவில் பொருத்தும் டோர் க்ளோஸரைப் பார்த்திருப்பீர்களே, அதே தத்துவம். இன்று அந்த டேஷ்பாட் ஈ.சி.யூ.வுக்குள் சில வரி புரோகிராமாகக் குடியேறிவிட்டது.

அடுத்தது கேட்டலிடிக் கன்வெர்ட்டர். 1995 ஏப்ரல் முதல் சென்னை உள்பட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு இது கட்டாயமானது. இன்றைய த்ரீ-வே கன்வெர்ட்டர் ஒரே நேரத்தில் மூன்று வேலை செய்ய வேண்டும்: கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரோகார்பனையும் எரிக்க வேண்டும், நைட்ரஜன் ஆக்சைடிலிருந்து ஆக்ஸிஜனைப் பிடுங்க வேண்டும். காற்றும் பெட்ரோலும் 14.7-க்கு 1 என்ற அளவை ஒட்டி இருந்தால்தான் மூன்றும் நடக்கும்.

இப்போது யோசியுங்கள். நாம் காலை எடுத்ததும் பெட்ரோலை அடியோடு நிறுத்தினால் ரெய்ஸ் வேகமாக இறங்கும், வாஸ்தவம்தான். ஆனால் என்ஜின் வெறும் காற்றைக் கன்வெர்ட்டருக்குள் ஊதும். உள்ளே இருக்கும் சீரியம் ஆக்சைடு பூச்சு ஆக்ஸிஜனை ஸ்பாஞ்ச் மாதிரி உறிஞ்சி நிரம்பிவிடும். அடுத்த விநாடி நாம் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது வருகிற நைட்ரஜன் ஆக்சைடைக் கவனிக்க அதற்கு இடம் இருக்காது. அதைச் சரிசெய்யக் கொஞ்ச நேரம் கூடுதல் பெட்ரோல் தர வேண்டும். நகரத்துக்குள் ஓட்டும்போது எத்தனை தடவை கியர் மாற்றுகிறோம்? ஒவ்வொரு தடவையும் இந்தக் கூத்து நடந்தால் என்னாவது? ஆகவே ஒரு விநாடி கியர் மாற்றத்துக்காக பெட்ரோலை நிறுத்தாதே, கொஞ்சம் எரியவிட்டுச் சமாளி என்று ஈ.சி.யூ.வுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். கியரிலேயே வைத்துக் காலை எடுத்து நீண்ட இறக்கத்தில் வந்தால் அதே ஈ.சி.யூ. பெட்ரோலை நிறுத்தும். அது வேறு கதை.

2017 ஏப்ரலில் நாடு முழுக்க வந்த பி.எஸ்.-4 விதியில், பெட்ரோல் கார் ஒரு கிலோமீட்டருக்கு 0.08 கிராம் நைட்ரஜன் ஆக்சைடு விடலாம். 2020 ஏப்ரல் 1 முதல் வந்த பி.எஸ்.-6-ல் அது 0.06 கிராம். பத்து கிலோமீட்டர் ஓடினால் மொத்தமே 0.6 கிராம்! ஒரு சிட்டிகை உப்பு எடை. இவ்வளவு இறுக்கமான கணக்கில் ஒவ்வொரு கியர் மாற்றமும் ஒரு செலவு. எனவே டிசைனர் அந்தச் செலவைக் குறைக்கப் பார்க்கிறார்.

இன்னொரு காரணமும் உண்டு. சுகம். காலைச் சட்டென்று எடுத்தாலும் வண்டி குலுங்கக் கூடாது, மூன்று சிலிண்டர் என்ஜின் ஐடிலில் உதறக் கூடாது என்று டார்க்கை மெதுவாக இறக்குகிறார்கள், தாராளமான கனத்தில் ஃபிளைவீல் வைக்கிறார்கள். இரண்டுமே ரெய்ஸ் இறங்குவதைத் தாமதப்படுத்தும்.

கிளட்ச் தேயுமா, தேயாதா?

'எது எப்படியோ, இதனால் கிளட்ச் சீக்கிரம் போய்விடுமே' என்பது பலருடைய பயம். இதற்கும் கணக்கே பதில் சொல்லட்டும்.

மேலே சொன்ன அதே காரில், 1630-ல் இருக்க வேண்டிய என்ஜின் 2500-ல் இருக்கும்போது கிளட்ச்சை விடுகிறோம் என்று வையுங்கள். வித்தியாசம் 870 சுற்று, விநாடிக்கு 91 ரேடியன். அந்த வித்தியாசத்தை அடக்கப் பிளேட்டில் வெப்பமாகிற சக்தி சுமார் 600 ஜூல். அதே ஆயிரம் கிலோ காரை, என்ஜினை 1500 சுற்றில் வைத்துக்கொண்டு நின்ற இடத்திலிருந்து கிளப்பும்போது? முதல் கியரில் அந்தச் சுற்றுக்கு வண்டி மணிக்கு சுமார் 11 கிலோமீட்டர் வேகம் வரும். அதுவரை பிளேட் நழுவ வேண்டும். சுமார் 4700 ஜூல்! சிக்னலில் ஒரு தடவை வண்டியைக் கிளப்புவதில், இப்படி ஏழெட்டு கியர் மாற்றத்தின் சூடு அடங்கிவிடுகிறது.

ஆக, கிளட்ச்சைத் தின்பது ரெய்ஸ் மெதுவாக இறங்குவதல்ல. மேட்டில் பிரேக் போடாமல் அரைக் கிளட்ச்சில் வண்டியை நிறுத்தி வைப்பதும், பெடல் மேலேயே காலை வைத்து ஓட்டுவதும்தான் அதைத் தின்கின்றன. இதை வாடிக்கையாளரிடம் சொன்னால் கோபித்துக்கொள்வார் என்று யாரும் சொல்வதில்லை!

எதிர்க்கட்சியும் பேசட்டும்

'அப்படியென்றால் கம்பெனி செய்வதெல்லாம் நியாயம் என்கிறாயா?' என்று விடுதியில் என் அறை நண்பன் மடக்கினான். நியாயமான கேள்வி. முழுசாக நியாயம் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஏ.எம்.டி. வண்டிகளைப் பாருங்கள். 2014-ல் மாருதி செலேரியோவில் வந்து நம்மூரில் பரவியவை. உள்ளே இருப்பது நம் சாதாரண கியர்பாக்ஸ்தான், சாதாரணக் கிளட்ச்தான். கிளட்ச்சை மிதித்துக் கியரை மாற்றுவது மட்டும் இயந்திரக் கை. அங்கே கியர் மாற்றும் கம்ப்யூட்டரும் என்ஜின் கம்ப்யூட்டரும் பேசிக்கொள்கின்றன. 'கியர் மாற்றப்போகிறேன், டார்க்கைக் குறை' என்று இது சொல்ல, அது குறைக்கிறது. (அப்புறமும் வண்டி தலையாட்டுகிறதே என்று கேட்காதீர்கள். அது இன்னொரு மலருக்கு!) 2009-ம் வருஷ மாடலாக வந்த நிஸான் 370இசட் காரில், மனிதன் கையால் கியர் போட்டாலும் அடுத்த கியருக்கு வேண்டிய சுற்றுக்கு என்ஜினைத் தானாகவே கொண்டுவரும் வசதி இருந்தது.

ஆக, புகையும் கூடாமல் ரெய்ஸையும் ஒழுங்காக இறக்குவது முடியாத காரியம் ஒன்றும் இல்லை. இக்னிஷனைத் தாமதப்படுத்தி டார்க்கைக் குறைக்கலாம். பெடல் ஸ்விட்ச் மூலம் கிளட்ச் மிதிபட்டது ஈ.சி.யூ.வுக்குத் தெரியும். அதை வைத்து நுணுக்கமாக டியூன் செய்யலாம். அதற்கு எஞ்சினியர் நேரம் வேண்டும், டெஸ்டிங் செலவு வேண்டும். விலை குறைந்த மாடலை வாங்குகிறவருக்கு அந்தச் செலவைச் செய்ய மனசு வருவதில்லை. 'புகை விதி' என்ற நல்ல காரணத்தின் நிழலில் கொஞ்சம் அலட்சியமும் ஒதுங்கி நிற்கிறது என்பது என் அபிப்பிராயம்.

அதற்காக, ரீமேப் செய்கிறேன் பேர்வழி என்று சிலர் லேப்டாப்போடு கிளம்பியிருப்பதையும் நான் ஆதரிக்க மாட்டேன். ரெய்ஸ் பொத்தென்று விழும். ஓட்ட ஜாலியாகத்தான் இருக்கும். ஆனால் அந்த ஜாலிக்கு வாரண்டி போகும். புகைக் கணக்கும் போகும். பொல்யூஷன் சர்டிபிகேட் எடுக்குமிடத்தில் வண்டியை நிறுத்தி வைத்துத்தானே பார்க்கிறார்கள், கியர் மாற்றும்போது வருவதை யார் பார்க்கப்போகிறார்கள் என்று கேட்கலாம். பார்ப்பதற்கு ஆள் இல்லை, சுவாசிப்பதற்கு ஆள் இருக்கிறார்கள். பஸ் ஸ்டாண்டில் நிற்கிற நம் அம்மா, தங்கைகள்தான்.

நிஜமான கோளாறும் உண்டு

நிற்க. எல்லாவற்றுக்கும் 'அது அப்படித்தான் சார் இருக்கும்' என்று சொல்லித் தப்பிப்பது முன்னதைவிட மோசம். கோளாறினாலும் ரெய்ஸ் நிற்கும். கண்டுபிடிக்கும் வழியை வரிசையாகச் சொல்கிறேன். வைவாவில் கேட்காவிட்டாலும் வேலைக்கு உதவும்.

1. முதலில் குனிந்து பாருங்கள். மிதியடி சுருண்டு பெடலில் மாட்டியிருக்கிறதா? சிரிக்காதீர்கள், நடக்கிற விஷயம்.

2. வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் 3000 வரை ரெய்ஸ் செய்து காலை எடுங்கள். ஒரு கணம் தயங்கிவிட்டு ஒரே சீராக ஐடிலுக்கு வந்தால் பெரும்பாலும் அது டிசைன். 1500, 2000-ல் மாட்டிக்கொண்டு நின்றாலோ, ஐடில் ஏறி ஏறி இறங்கினாலோ கோளாறு.

3. ஸ்கேனரை மாட்டுங்கள். பி 0507 வந்தால் ஐடில் இருக்க வேண்டியதைவிட அதிகம் என்று அர்த்தம். பி 0171 வந்தால் கலவையில் பெட்ரோல் குறைவு. எங்கோ காற்று கசிந்து உள்ளே போகிறதா என்று இன்டேக் கேஸ்கட், வேக்குவம் ஹோஸ்களைப் பாருங்கள்.

4. கோடு எதுவும் இல்லாவிட்டாலும் லைவ் டேட்டாவை விடாதீர்கள். பெடல் பூஜ்யத்துக்கு வந்த பிறகு த்ராட்டில் எவ்வளவு நேரத்தில் மூடுகிறது என்று பாருங்கள். ஈ.சி.யூ. கேட்ட அளவும் த்ராட்டில் இருக்கும் அளவும் ஒன்றாக இருந்தால் அது ஈ.சி.யூ.வின் முடிவு. கேட்டது ஒன்று, இருப்பது ஒன்று என்றால் த்ராட்டில் பாடியில் கார்பன் படிந்து சிக்குகிறது. கழுவிவிட்டு, ரீலேர்ன் செய்ய மறக்காதீர்கள்.

5. அதே திரையில் கிளட்ச் ஸ்விட்ச்சும் தெரிந்தால் பெடலை மிதித்து விட்டுப் பாருங்கள். மிதித்ததே ஈ.சி.யூ.வுக்குத் தெரியவில்லை என்றால், வண்டி இன்னும் கியரில் இருப்பதாக நினைத்து அது நடந்துகொள்ளும். கிளட்ச் செட்டோடு ஒப்பிட்டால் அந்த ஸ்விட்ச் சொற்ப விலை.

இந்த ஐந்தும் முடிய அரை மணி நேரம் போதும். கியர்பாக்ஸை இறக்கி ஏற்ற அரை நாள் வேண்டும்!

கோளாறு இல்லை என்று தெரிந்தால் ஓட்டும் முறையைச் சொல்லிக் கொடுங்கள். கிளட்ச்சை மிதிப்பதற்கு ஒரு கணம் முன்பே ஆக்ஸிலரேட்டரை விடத் தொடங்கச் சொல்லுங்கள். அதற்குள் த்ராட்டில் இறங்க ஆரம்பித்துவிடும். நகரத்துக்குள் 3000 வரை போகாமல் 2000 பக்கத்தில் மாற்றச் சொல்லுங்கள். இறங்க வேண்டிய சுற்றே குறைவு. நியூட்ரலில் ஒரு மூச்சு நிறுத்தி அடுத்த கியருக்குப் போகட்டும். கடைசிப் பகுதியில் பெடலை நிதானமாக விடட்டும். இவ்வளவுதான் வைத்தியம். காசு செலவில்லை.

என்ன செய்யலாம்?

கார் கம்பெனிகளுக்கு என் வேண்டுகோள் ரொம்பச் சின்னது. ஓனர்ஸ் மேனுவலில் பாட்டரி, டயர், குழந்தை ஸீட் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறீர்கள். 'கியர் மாற்றும்போது என்ஜின் வேகம் மெதுவாகக் குறைவது மாசுக் கட்டுப்பாட்டுக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு' என்று நான்கு வரி, அதுவும் தமிழில், போட்டால் என்ன குறைந்துவிடும்? நான் புரட்டிப் பார்த்த இரண்டு மூன்று மேனுவல்களில் அப்படி ஒரு வரி என் கண்ணில் படவில்லை.

நம் ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். லேபில் வெட்டி வைத்திருக்கும் கார்புரேட்டரை நாங்கள் மனப்பாடமாக வரைந்துவிட்டோம். அதன் பக்கத்தில் ஓர் எலக்ட்ரானிக் த்ராட்டில் பாடியும் ஒரு ஸ்கேனரும் வந்தால், ஃபிளைவீல் சோதனையின் தொடர்ச்சியாக 'காலை எடுத்த பின் என்ஜின் இறங்கும் நேரம்' என்று ஒரு சோதனையை ஒரே மதியத்தில் செய்துவிடலாம். பெடல், த்ராட்டில், சுற்று மூன்றையும் ஒரே கிராஃப் தாளில் வரைந்தால், இந்தக் கட்டுரை முழுக்க நான் மூச்சுவாங்கச் சொன்னது மூன்று கோட்டில் விளங்கிவிடும்.

நம் மாணவர் பேரவைக்கும் ஒன்று. ஒவ்வொரு வருஷமும் ரத்த தான முகாம் நடத்துகிறோம், மரம் நடுகிறோம். வரும் வருஷம் ஒரு நாள் இலவச வாகனப் பரிசோதனை முகாம் நடத்துவோமே! ஆட்டோமொபைல் பிரிவு வண்டியைப் பார்க்கட்டும், எலக்ட்ரானிக்ஸ் பிரிவு ஸ்கேனரைப் பார்க்கட்டும். வருகிறவரிடம் 'இது கோளாறு, இது கோளாறில்லை, இதற்காகத்தான் இப்படி' என்று எழுதிக் கொடுப்போம். ஊர்க்காரர்கள் நம்மை நம்பத் தொடங்குவார்கள்.

நண்பர்களே, டிகிரிக்காரன் டிசைன் செய்வான், ஐ.டி.ஐ.க்காரன் கழற்றி மாட்டுவான், நடுவில் டிப்ளமோக்காரனுக்கு என்ன வேலை என்று நம்மைக் கிண்டல் செய்கிறவர்கள் உண்டு. டிசைன் செய்தவன் மனசில் இருந்ததை ஓட்டுகிறவனுக்குப் புரியும் பாஷையில் சொல்வதும், ஓட்டுகிறவன் படும் அவஸ்தையை டிசைன் செய்தவன் காதுக்குக் கொண்டுபோவதும்தான் நம் வேலை. அதற்கு முதல் தகுதி, ஸ்பேனரைக் கையில் எடுக்குமுன் 'ஏன்?' என்று ஒரு தடவை கேட்பது.

அடுத்த வருஷம் இந்நேரம் நம்மில் பலர் ஏதோ ஒரு சர்வீஸ் ஸ்டேஷனில் அப்ரண்டிஸாக நிற்போம். யாராவது ஒருவர் வந்து "தம்பி, ரெய்ஸ் இறங்க மாட்டேங்குது" என்பார். ஜாப் கார்டில் எழுதும் முன் அவரோடு ஒரு ரவுண்டு போய்விட்டு வாருங்கள்.